தங்க ஊரைப் படிப்பது எப்படி? பந்தலூரில் தொடங்கி மாரிகுப்பம் வரை

தங்க வேட்டை ஊர்களின் வரலாற்றைத் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள் நேரே கலிபோர்னியாவில் போய் நிற்பார்கள். தப்பில்லை. ஆனால் நமக்குப் பேருந்து தூரத்தில் ஒன்று, ரயில் தூரத்தில் ஒன்று என்று இரண்டு ஊர்கள் இருக்கின்றன. நீலகிரி மாவட்டத்துப் பந்தலூர் ஒன்று. கர்நாடகத்தின் கோலார் தங்கவயல் இன்னொன்று. 1880ஐ ஒட்டிய சில ஆண்டுகளில் லண்டன் முதலீட்டாளர்களுக்கு வந்த காய்ச்சல்தான் இரண்டையும் பிடித்தது. பந்தலூர் மூன்றே வருடத்தில் படுத்துவிட்டது. தங்கவயல் 120 வருடம் ஓடியது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் உலகத்தில் எந்தத் தங்க ஊரின் கதையும் பிடிபட்டுவிடும் என்பது என் அனுபவம்.

இந்தப் பக்கம் புதிதாக வருகிறவர்களுக்காக, நான் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்ட வரிசையிலேயே எழுதுகிறேன். முன்கூட்டியே ஒன்று: இந்த ஊர்களுக்குப் போய்த் தங்கத்தைத் தேடாதீர்கள். தங்கம் ஊரை விட்டு எப்போதோ போய்விட்டது. மிஞ்சியிருப்பது மண்மேடு, தண்ணீர்க் குழாய், மின்கம்பி, லைன் வீடு, வயதானவர்களின் மூச்சிரைப்பு. வரலாறு அவற்றில்தான் இருக்கிறது.

படி 1: ஆற்றுத் தங்கமா, பாறைத் தங்கமா?

எந்தத் தங்க ஊரைப் பற்றிப் படிக்கத் தொடங்கினாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. பதில் தெரிந்தால் அந்த ஊரில் யார் பணம் பார்த்தார்கள், யார் கூலிக்கு நின்றார்கள் என்பதில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

1848 ஜனவரி 24 அன்று கலிபோர்னியாவின் கொலோமாவில் ஜேம்ஸ் மார்ஷல் கண்டது ஆற்றுத் தங்கம். மலையிலிருந்த பாறை தேய்ந்து, மழையில் அடித்து வரப்பட்டு, மணலோடு மணலாகக் கிடந்தது. அதை எடுக்க ஒரு தட்டும் மண்வெட்டியும் முதுகு வலியைப் பொறுக்கும் உடம்பும் போதும். அதனால்தான் யார் வேண்டுமானாலும் வந்தார்கள். 1848இல் ஆயிரம் பேர் அளவில் இருந்த சான் பிரான்சிஸ்கோ இரண்டு வருடத்தில் 25,000ஐத் தொட்டது. மண் அரிப்பது நமக்கும் தெரியாத தொழில் அல்ல. நகைப்பட்டறைத் தெருக்களில் சாக்கடை மண்ணை அள்ளி அலசித் தங்கப்பொடி எடுக்கும் அரிப்புக்காரர்களைப் பார்த்திருப்பீர்கள். கலிபோர்னியாவில் நடந்ததும் அடிப்படையில் அதே வேலைதான், ஒரு மலைத்தொடர் அளவுக்குப் பெரியதாக.

பாறைத் தங்கத்தின் கதை வேறு. பூமிக்குள் வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) நரம்பு நரம்பாக ஓடும், அதற்குள் கண்ணுக்குத் தெரியாத பொடியாகத் தங்கம் இருக்கும். அந்த நரம்பைத் துரத்திக்கொண்டு கீழே இறங்க வேண்டும், கல்லை மேலே ஏற்ற வேண்டும், மாவாக இடிக்க வேண்டும், பாதரசத்தில் பிடிக்க வேண்டும், பின்னாளில் சயனைடில் கரைக்க வேண்டும். தட்டோடு வந்தவனால் இது ஆகாது. இயந்திரம் வேண்டும், அதற்குக் கம்பெனி வேண்டும், கம்பெனிக்குப் பங்குதாரர் வேண்டும். பந்தலூரும் தங்கவயலும் இந்த வகை. அதனால் நம் பக்கத்துத் தங்க வேட்டையில் தட்டும் கையுமாக ஓடி வந்த கூட்டம் குறைவு. ஓடியது பணம். அந்தப் பணத்துக்குப் பின்னால் கூலியாட்களாக நம் ஆட்கள் வந்தார்கள்.

படி 2: டன்னுக்கு எத்தனை பவுன் என்று கேளுங்கள்

சுரங்கக் கணக்கு தெரியாதவர்கள் பயப்பட வேண்டாம். ஒரே ஒரு வகுத்தல்தான். தங்கவயலில் 120 ஆண்டுகளில் வெட்டி எடுத்த கல் சுமார் 5 கோடி டன். அதிலிருந்து வந்த தங்கம் 800 டன்னுக்கு மேல். வகுத்தால் டன்னுக்கு ஏறத்தாழ 16 கிராம், அதாவது இரண்டு பவுன். ஒரு லாரி கல்லை உடைத்து மாவாக்கினால் ஒரு தாலிக்கொடிக்குத் தேறலாம்.

இது சராசரிதான். ஆரம்ப காலத்தில் டன்னுக்கு ஐந்து பவுன் வரை கிடைத்தது. மூடுகிற காலத்தில் அரைப் பவுன்கூடத் தேறவில்லை. அதையும் மூன்று கிலோமீட்டர் ஆழத்திலிருந்து ஏற்ற வேண்டியிருந்தது. ஊர் ஏன் மூடப்பட்டது என்று யாராவது நீளமாக விளக்கினால் கேட்டுக்கொள்ளுங்கள். ஊழல் நடந்தது என்பார்கள், சதி என்பார்கள், நிர்வாகம் சரியில்லை என்பார்கள். அதிலெல்லாம் உண்மை இருக்கலாம். ஆனால் இந்த வகுத்தலைப் போட்டுப் பார்த்த பிறகு கேளுங்கள்.

படி 3: முதலில் தோற்ற ஊருக்குப் போங்கள்

புதியவர்கள் செய்கிற பெரிய தப்பு, வென்ற ஊரை மட்டும் படிப்பது. நானும் தங்கவயலில்தான் தொடங்கினேன். பந்தலூரைப் பார்த்த பிறகுதான் தங்கவயலே எனக்குப் புரிந்தது.

கூடலூர், தேவாலா, பந்தலூர் பக்கத்து ஓடைகளில் அங்கிருந்த பழங்குடி மக்கள் வெகுகாலமாக மண் அரித்துத் தங்கம் எடுத்து வந்திருக்கிறார்கள். 1870களில் ஐரோப்பியர்கள் சிறிய அளவில் பாறையைத் தோண்டிப் பார்த்தார்கள். 1879இல் இந்திய அரசு ஒரு நிபுணரை அழைத்து வந்தது. அவர் பெயர் ராபர்ட் பிரௌ ஸ்மித். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் சுரங்கத் துறைச் செயலாளராக இருந்தவர். அங்கே கீழ்ப்பணியாளர்களிடம் கொடுமையாக நடந்துகொண்டதாக விசாரணை நடந்து, 1876இல் பதவியை விட்டிருந்தார். வந்து பார்த்து, நம்பிக்கை பொங்கும் அறிக்கை ஒன்றை எழுதினார். அது லண்டனுக்குப் போனது. ஓராண்டு ஒன்றரை ஆண்டுக்குள் முப்பதுக்கு மேற்பட்ட கம்பெனிகள் முளைத்தன, பல லட்சம் பவுண்டு மூலதனத்தோடு. பல கம்பெனிகள் வாங்கியது ஏற்கெனவே காப்பி வைத்து நொடித்துப்போன எஸ்டேட் நிலத்தைத்தான். காப்பியில் போன பணத்தைத் தங்கத்தின் பேரில் மீட்டுக்கொள்ள எஸ்டேட்காரர்களுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு வந்திருக்காது.

பந்தலூரில் கட்டடங்கள் எழுந்தன. கடைகள், அஞ்சலகம், தங்கும் விடுதி எல்லாம் வந்தன. மலைப்பாதையில் மாட்டு வண்டிகளில் இயந்திரங்கள் ஏறின. கல்லை இடித்துப் பார்த்தால் அறிக்கையில் சொன்னதில் சிறு பங்குகூட வரவில்லை. நரம்பு இருந்தது, தங்கமும் இருந்தது, செலவுக்குக் கட்டவில்லை. சில இயந்திரங்கள் பொருத்தப்படாமலே துருப்பிடித்தன. 1882 வாக்கில் ஆட்டம் முடிந்தது.

இங்கே போகிறவர்கள் மழைக்காலத்தைத் தவிருங்கள். தேவாலாவுக்குத் தென்னாட்டுச் சிரபுஞ்சி என்ற பெயர் சும்மா வரவில்லை. யானை நடமாட்டம் உள்ள பகுதி, அதனால் அந்திக்கு முன்பே திரும்பிவிட வேண்டும். தேயிலைக்குள்ளும் காட்டுக்குள்ளும் பழைய சுரங்க வாய்கள் இன்னும் இருக்கின்றன. யாராவது உள்ளே கூட்டிப் போகிறேன் என்றால் கும்பிடு போட்டுவிடுங்கள். திருட்டுத்தனமாகத் தோண்டப் போய் மண் சரிந்து செத்தவர்கள் உண்டு, வனத்துறை வழக்கும் உண்டு. வெளியிலிருந்து பார்க்க வேண்டியதே நிறைய இருக்கிறது. மலைச் சரிவைக் கவனியுங்கள்: காப்பி, தங்கம், தேயிலை என்று மூன்று கனவுகள் ஒரே மண்ணில் ஏறி இறங்கியிருக்கின்றன. கடைசிக் கனவுக்கு உழைக்க இலங்கை மலையகத்திலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்களைக் கொண்டுவந்தார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. தங்கத்துக்காகக் கட்டிய ஊரில் இன்று பேசப்படும் கதைகள் பலவும் கண்டியிலும் நுவரெலியாவிலும் தொடங்குகின்றன.

படி 4: 'கண்டுபிடித்தவர்' பெயரை நம்பாதீர்கள்

எல்லாத் தங்க ஊருக்கும் ஒரு கண்டுபிடிப்பாளர் இருப்பார். தங்கவயலுக்கு மைக்கேல் பிட்ஜெரால்ட் லவெல். அயர்லாந்துக்காரர், நியூசிலாந்தில் மாவோரிகளுக்கு எதிரான போரில் இருந்துவிட்டு 1871இல் பெங்களூரில் வந்து குடியேறினார். பழைய கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டு மாட்டு வண்டியில் கோலார்ப் பக்கம் போய்ப் பார்த்து, 1873இல் மைசூர் அரசிடம் உரிமம் கேட்டார், பிறகு வாங்கினார். பெங்களூரின் லவெல் ரோடு அவர் பெயரில்தான் இருக்கிறது.

அவர் படித்த கட்டுரையை எழுதியவர் லெப்டினன்ட் ஜான் வாரன். 1802இல் மைசூரின் கிழக்கு எல்லையை அளக்க வந்தவர். தங்கம் காட்டுகிறவர்களுக்குப் பரிசு என்று அறிவித்தார். ஊரிகம் கிராமத்து மக்கள் வண்டி வண்டியாக மண்ணைக் கொண்டுவந்து அவர் கண்ணெதிரே அலசிக் காட்டினார்கள். மாரிகுப்பத்தில் பறையர் சமூகத்தினர் குழிக்குள் இறங்கிக் கல்லைக் கூடை கூடையாகக் கைமாற்றி மேலே அனுப்புவதையும், பெண்கள் அதை இடித்து அலசுவதையும் பார்த்து எழுதினார்.

ஆக, வாரன் வருவதற்கு முன்பே அங்கே சுரங்கம் இருந்தது. இது வெறும் பெருமைக்காகச் சொல்வதல்ல. 1880இல் தொடங்கிய மைசூர் கோல்ட் மைனிங் கம்பெனி மூன்று வருடம் தோண்டியும் பெரிதாக எதுவும் கிடைக்காமல், கடையைக் கட்டிவிட்டு மிச்சப் பணத்தைப் பங்குதாரர்களிடம் கொடுத்துவிடலாமா என்ற நிலைக்கு வந்தது. நிர்வாகத்தை எடுத்துக்கொண்ட ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்றது. கேப்டன் பிளம்மர் என்பவர் பழங்குழிகளை ஒட்டிக் கீழே இறங்கினார். சாம்பியன் லோடு என்ற பெரிய நரம்பு 1883இல் அங்கேதான் அகப்பட்டது. பெயர் தெரியாத நம் ஆட்கள் தண்ணீர் ஊறியதால் விட்டுப்போன இடத்துக்கு அடியில். பம்பு வைத்திருந்தவனுக்குக் கிடைத்தது, அவ்வளவுதான் வித்தியாசம். எந்தத் தங்க ஊரிலும் முதல் கம்பெனியின் வரைபடத்தில் 'பழைய குழிகள்' என்று குறித்திருக்கிறதா என்று பாருங்கள்.

படி 5: மாரிகுப்பம் வண்டியில் ஏறுங்கள்

சென்னையிலிருந்து போகிறவர்கள் பெங்களூர் வழியில் பங்காருப்பேட்டை ஜங்ஷனில் இறங்க வேண்டும். எல்லா வண்டியும் அங்கே நிற்காது, பார்த்து எடுங்கள். அங்கிருந்து கிளைப் பாதை பிரிகிறது. கோரமண்டல், ஊரிகம், சாம்பியன், மாரிகுப்பம் என்று நிலையங்கள் வரும். நிலையங்களின் பெயர்களே சுரங்கங்களின் பட்டியல்தான். சுரங்கங்களுக்காக 1890களில் போட்ட இந்தப் பாதை மாரிகுப்பத்தோடு முடிந்துவிடுகிறது.

மொழி பற்றிக் கவலையே வேண்டாம். கர்நாடகத்தில் இருக்கிறோம் என்பது பலகைகளைப் பார்த்தால்தான் நினைவுக்கு வரும். தெருவில் தமிழ்தான், வட ஆற்காட்டு வாடையோடு. சாப்பாடு, தங்கல் எல்லாம் தங்கவயலின் நகரப் பகுதியான ராபர்ட்சன்பேட்டையில் பார்த்துக்கொள்ளலாம்.

இறங்கியதும் கண்ணில் படுவது சாம்பல் நிறக் குன்றுகள். சயனைடு மேடு, சயனைடு மலை என்று ஊரார் சொல்கிறார்கள். தங்கத்தை எடுத்த பிறகு கொட்டிய கல் மாவு அது, மூன்று கோடி டன்னுக்கு மேல். படம் எடுக்க ஏறாதீர்கள். காற்றடித்தால் அந்தத் தூசி கண்ணிலும் நெஞ்சிலும்தான் போய் உட்காரும். ஊர் ஜனங்கள் தலைமுறையாக அதைத்தான் மூச்சாக இழுக்கிறார்கள். சுரங்கப் பகுதிகளுக்குள் அனுமதி இல்லாமல் நுழையவும் முடியாது. கூண்டு இறங்கும் கோபுரங்களை வேலிக்கு வெளியே நின்றுதான் பார்க்க வேண்டியிருக்கும். சினிமா பார்த்துவிட்டு வருகிறவர்கள் இந்த இடத்தில் ஏமாந்துபோய், கம்மசந்திரா கோடிலிங்கேஸ்வரர் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பிவிடுவார்கள். நீங்கள் நில்லுங்கள்.

படி 6: தண்ணீரும் கரண்டும் எங்கிருந்து வந்தன?

கல்லை இடிக்கவும் மாவைக் கழுவவும் சுரங்கத்தில் ஊறும் நீரை இறைக்கவும் எந்நேரமும் சக்தி வேண்டும். விறகு எரித்து, நிலக்கரி எரித்துப் பார்த்தார்கள், கட்டுப்படியாகவில்லை. 1902இல் சிவசமுத்திரத்தில் காவிரி அருவியிலிருந்து மின்சாரம் எடுத்து, 147 கிலோமீட்டர் கம்பி இழுத்துச் சுரங்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். அந்தக் காலத்தில் உலகத்தின் மிக நீளமான மின்தடங்களில் ஒன்று. பெங்களூருக்கு மின்விளக்கு 1905இல்தான் வந்தது. தலைநகருக்கு முன்பே சுரங்கம் வெளிச்சமானது.

கலிபோர்னியாவில் போடி என்று ஒரு மலையூர் உண்டு. இப்போது ஆளில்லாத காட்சி ஊர். அங்கும் 1892லேயே 13 மைல் தள்ளியிருந்த ஓடையிலிருந்து மின்சாரம் இழுத்திருக்கிறார்கள். காரணம் அதேதான், விறகுச் செலவு. தங்க ஊரில் மின்சாரம் முந்தி வருவது ஊர் ஜனத்தின் நலனுக்காக அல்ல. தங்கவயலில் லைன் வீடுகளுக்கு எப்போது விளக்கு வந்தது என்று வயதானவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

தண்ணீர் பாலாற்றிலிருந்து வந்தது. பேத்தமங்கலத்தில் ஏரியைத் தேக்கி, சுத்தப்படுத்திக் குழாய் வழியாக அனுப்பினார்கள். வாணியம்பாடி, ஆம்பூர் பக்கத்திலிருந்து பிழைக்கப் போனவர்கள் குடித்தது தங்கள் ஊர் ஆற்றுத் தண்ணீரைத்தான், கொஞ்சம் மேலே போய்.

படி 7: லைன் வீடுகளுக்கு நடந்து போங்கள்

என்னைக் கேட்டால் பாதி நேரத்தை இங்கே செலவிட வேண்டும்.

தங்கவயலைக் குட்டி இங்கிலாந்து என்பார்கள். மேட்டில் பங்களாக்கள், கிளப், கோல்ப் மைதானம், தேவாலயம். கார்ன்வாலிலிருந்து வந்த சுரங்கக்காரர்களும் இத்தாலியர்களும் ஆங்கிலோ இந்தியர்களும் அவரவர் படிக்கு ஏற்ற வீட்டில் இருந்தார்கள். கீழே வரிசை வரிசையாகக் கூலி லைன்கள். முதலில் மூங்கில் தட்டி வீடுகள், பிறகு ஓடும் தகரமும். குனிந்து நுழைய வேண்டிய ஒற்றை அறை, ஒண்டிக்கொள்ள ஒரு தாழ்வாரம். வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கத்திலிருந்து கங்காணிகளும் ஒப்பந்தக்காரர்களும் கூட்டி வந்தவர்கள் அங்கே இருந்தார்கள். பெரும்பாலோர் ஆதிதிராவிட மக்கள். 1905இல் மட்டும் ஏறத்தாழ 19 டன் தங்கம் வந்தது. அந்த ஆண்டுகளில் வேலை செய்தவர்கள் 30,000 பேருக்கு மேல்.

ஊரில் பண்ணையாருக்குக் கீழே இருந்தவர்கள் இங்கே கம்பெனிக்குக் கீழே வந்தார்கள். இதை எப்படி மதிப்பிடுவது என்பதில் சண்டையே உண்டு. சம்பளம் காசாகக் கிடைத்தது, பிள்ளைகள் படித்தார்கள், சாதி இந்து நிலக்காரனின் கண்ணில் படாமல் தலை நிமிர்ந்து நடக்க முடிந்தது. மறுபக்கம், 1897இல் வந்த மைசூர்ச் சுரங்கச் சட்டப்படி ஒருவரிடம் தங்கக் கல் இருந்தால் அது திருட்டு இல்லை என்று அவரேதான் நிரூபிக்க வேண்டும். 1930இல் எல்லாத் தொழிலாளியிடமும் கைரேகை எடுக்க நிர்வாகம் கிளம்பியபோது, எங்களைத் திருடர்கள் என்கிறீர்களா என்று ஏறத்தாழ மூன்று வாரம் வேலைக்கு இறங்க மறுத்தார்கள். எனக்கு இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் தோன்றவில்லை. அதே லைன்களில்தான் அயோத்திதாசரின் பௌத்த சங்கம் மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீப்பிலும் கிளைவிட்டது. அவர் நடத்திய 'தமிழன்' இதழ் அவர் மறைந்த பிறகு இங்கிருந்துதான் அப்பாதுரையார் கையில் மறுபடி வெளிவந்தது. தமிழ்ப் பதிப்பு வரலாற்றில் தங்கவயலுக்குத் தனி அத்தியாயமே எழுதலாம்.

சுரங்கத்தில் வேலை பார்த்தவர்களிடம் பேசும்போது ஆழம், சூடு, பாறை வெடிப்பு மூன்றையும் கேளுங்கள். கீழே பாறையின் வெப்பமே 60 டிகிரியைத் தாண்டும். மேலே இருக்கும் பாரம் தாங்காமல் சுவர் திடீரென்று வெடித்துச் சிதறும். மேலே ஊரில் பாத்திரங்கள் ஆடுமாம். 'அங்க எத்தன பேரோ' என்று பெண்கள் ஷாஃப்ட் (ஆட்கள் இறங்கும் சுரங்கக் குழி) வாசலுக்கு ஓடுவார்களாம். மூச்சைப் பற்றி மட்டும் நீங்களாகக் கேட்காதீர்கள், அவர்களாகச் சொல்லட்டும். கல் தூசி நுரையீரலை இறுக்கும் சிலிகோசிஸ் நோய்க்கு இழப்பீடு தர மைசூர் அரசு 1940இல்தான் விதி கொண்டுவந்தது. அதற்கு முன் செத்தவர்களுக்குக் காசநோய் என்று எழுதிவிட்டார்கள் என்பது ஊர்ப் பேச்சு.

ஒரு இடைச்செருகல். இவ்வளவு ஆழமான குழி என்பதால் விஞ்ஞானிகளும் இறங்கினார்கள். வானத்திலிருந்து பொழியும் மற்றத் துகள்கள் எட்டாத இடம் அது. 1965இல் இந்திய, ஜப்பானிய, பிரிட்டிஷ் குழு ஒன்று சாம்பியன் ரீப் சுரங்கத்தில் வளிமண்டல நியூட்ரினோவை, அதாவது வளிமண்டலத்தில் உண்டாகிப் பாறையையும் ஊடுருவி வரும் நுண்துகளை, பதிவு செய்தது. அதே ஆண்டில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் பதிவானது. தங்கம் தோண்டிய இரண்டு குழிகளில்தான் அது முதலில் அகப்பட்டது.

படி 8: கடைசித் தேதியைக் கல்லறையாக நினைக்காதீர்கள்

1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது. 1962இல் மத்திய அரசிடம் போயின. 1972இல் பாரத் கோல்ட் மைன்ஸ் நிறுவனம் வந்தது. 2001 பிப்ரவரி 28 அன்று மூடினார்கள். புத்தகங்கள் அங்கே நின்றுவிடும். கீழே பம்பு நின்றதால் குழிகளில் தண்ணீர் ஏறத் தொடங்கியது. மேலே மூவாயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்களுக்குச் சம்பளம் நின்றது. போடியைப் போல ஆளில்லா ஊராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. ஏனென்றால் ரயில் இருந்தது.

அதனால் ஒரு இரவு ராபர்ட்சன்பேட்டையில் தங்கி, விடியுமுன் மாரிகுப்பம் நிலையத்துக்குப் போய்விடுங்கள். பெங்களூர் போகும் காலை வண்டிகள் அங்கிருந்து கிளம்புகின்றன. சுரங்கத்துக்கு ஆள் கொண்டுவரப் போட்ட பாதை இப்போது அவர்களின் பேரப்பிள்ளைகளை வெளியே கொண்டுபோகிறது, கட்டட வேலைக்கு, துணிக் கம்பெனிக்கு, காவலாளி வேலைக்கு, கணினி அலுவலகங்களுக்கு. சீட்டுப் பிடிப்பதற்குள் தோள் நோகும். அந்த வண்டியில் மட்டும் யாரையும் பேட்டி எடுக்காதீர்கள். பங்காருப்பேட்டை வருவதற்குள் பாதிப் பேர் தூங்கிப்போவார்கள், வீடு திரும்ப ராத்திரி ஆகிவிடும்.